ஐந்தும் இரண்டும் ஐம்பத்திரண்டாம்!

"தகுதி போதாது! தகுதி போதாது!" நமது பட்டதாரி வாலிபர்களைப் பார்த்து கம்ப்யூட்டர் கம்பெனிக் கனவான்கள் எழுப்பும் இந்தக் கூக்குரல் ஓய்ந்தபாடில்லை. பட்டமளிப்பு விழா மேடையிலும் இதே பல்லவி. முதலாளிமார் மாநாடுகளிலும் இதே பல்லவி. வருஷந்தோறும் லட்சக்கணக்கில் என்ஜினீயர்கள் வெளிவருகிறார்களாம். வேலைக்கு லாயக்கானவர்களோ விரல் விட்டு எண்ணும்படிதான் கிடைக்கிறார்களாம். 2019ல் ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் என்ற ஸ்தாபனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்திய என்ஜினீயர்களில் 100க்கு 80 பேருக்கு மேல் இன்றைய அறிவுத் தொழில்களுக்கு லாயக்கற்றவர்கள் என்று அது தீர்ப்புக் கூறிற்று. பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் அந்த ஸ்தாபனத்தின் பிரதான வியாபாரமே 'ஆம்கேட்' என்ற வேலைத் தகுதித் தேர்வை நடத்துவதுதான் என்பதை எத்தனை பத்திரிகைகள் சேர்த்து எழுதின? தராசு விற்கிறவன் ஊரெல்லாம் எடை குறைவு என்று தமுக்கடிக்கிறான். அதை நாம் நம்ப வேண்டுமாம்!

சரி, அந்தத் தகுதியை இவர்கள் எப்படித்தான் அளக்கிறார்கள்? கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம்.

இன்று இணையப் பக்கங்களை இயக்கும் பிரதான மொழி ஜாவாஸ்கிரிப்ட். ரயில் டிக்கெட் எடுக்கும் பக்கமாயினும், மின்சாரக் கட்டணம் கட்டும் பக்கமாயினும், நீங்கள் பட்டனைத் தொட்டதும் திரையில் அதற்குரிய காரியத்தைச் செய்வது அதுதான். ஆகவே இந்த மொழி அறிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது என்பது மெய். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வட்டாரங்களில் பட்டம் வாங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பலர் மாதக்கணக்கில் இதில்தான் மூழ்கிக் கிடக்கிறார்கள். மொழியைக் கற்பதோடு அவர்கள் பாடு முடிவதில்லை. நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் கேள்விகளைத் தனியே பழகுகிறார்கள். நிரல் எழுதுவது ஒரு தொழில். நேர்முகக் கேள்விக்கு விடை சொல்வது முற்றிலும் வேறொரு தொழில். இந்த இரண்டாவது தொழிலுக்குக் கூலி கிடையாது.

கேள்விகள் எப்படிப்பட்டவை? ஒன்று சொல்கிறோம். மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஐந்தோடு இரண்டைக் கூட்டினால் என்ன வரும்? ஏழு என்பீர்கள். இல்லை, ஐம்பத்திரண்டு! அதே ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தால்? மூன்று! கூட்டும்போது அதை எழுத்தாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் இரண்டை ஒட்டி விடுகிறது மொழி. கழிக்கும்போது அதையே எண்ணாக மாற்றிக்கொண்டு கழிக்கிறது. கூட்ட ஒரு நியாயம், கழிக்க ஒரு நியாயம். (கம்பெனிகளின் சம்பளக் கணக்குக்கு ஏற்ற மொழிதான்!) இன்னொரு கேள்வி: 'நல்' என்றால் ஒன்றுமில்லை, சூனியம். அது என்ன வகை என்று மொழியிடமே கேட்டால், 'ஆப்ஜெக்ட்', அதாவது ஒரு பொருள், என்று பதில் வருகிறது. இல்லாதது எப்படிப் பொருளாகும்? வேதாந்தம் ஏதுமில்லை. 1995ல் நெட்ஸ்கேப் கம்பெனி அவசரப்படுத்த, பிரெண்டன் ஐக் என்ற நிபுணர் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் உருவத்தைச் செய்து கொடுத்தார். அந்த ஆரம்ப உருவத்திலேயே புகுந்து விட்ட பிழை இது. பிற்பாடு திருத்தலாம் என்று யோசனையும் வந்தது. திருத்தினால் ஏற்கனவே எழுதி வைத்த பக்கங்கள் பழுதாகும் என்று அப்படியே விட்டு விட்டார்கள். கடல் கடந்த ஒரு கம்பெனியின் அவசரத்தில் விழுந்த பிழை, முப்பது வருஷம் கழித்து மந்தைவெளிப் பெண்ணின் 'தகுதி'யை நிர்ணயிக்கிறது!

இவற்றுக்கெல்லாம் பெரியண்ணன் ஒரு கேள்வி உண்டு. இத்துறையில் நேர்முகத்துக்குப் பழகுகிறவர்களில் அதைப் பார்க்காதவர் அரிது. ஒரு சுற்று மூன்று முறை சுழல்கிறது: பூஜ்யம், ஒன்று, இரண்டு. ஒவ்வொரு சுழற்சியிலும், "சற்றுப் பொறுத்து இந்த எண்ணை அச்சிடு" என்று ஓர் உத்தரவு போடப்படுகிறது. என்ன அச்சாகும்? பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று சொன்னீர்களானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அச்சாவது மூன்று, மூன்று, மூன்று! ஏனென்றால், எண்ணை 'வார்' என்ற சொல்லால் அறிவித்திருந்தால் மூன்று உத்தரவுக்கும் பெட்டி ஒன்றே. உத்தரவுகள் நிறைவேறும் நேரத்துக்குச் சுற்று முடிந்து, அந்தப் பெட்டியில் மூன்று ஏறி உட்கார்ந்து விடுகிறது. 'வார்' இருந்த இடத்தில் 'லெட்' என்று எழுதினால் சுழற்சிக்கு ஒரு தனிப் பெட்டி. எண்கள் ஒழுங்காக வரும்.

அழகான விஷயம்தான், ஒப்புக்கொள்கிறோம். மொழி உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது என்பதை இது காட்டுகிறது. ஆனால் 'லெட்' 2015லேயே மொழியின் தரவிதியில் சேர்ந்து விட்டது. இன்று புதிதாக நிரல் எழுதுகிறவர் அதைத்தான் எழுதுகிறார். பழைய நிரலைப் பழுது பார்க்கிறவருக்கு 'வார்' சங்கதி தேவைப்படும். தேவைப்படும் அன்று ஒரு மாலைப் பொழுதில் தெரிந்து கொள்வார். ஒரு மாலைப் பொழுதில் கற்கக் கூடியதை ஒருவருடைய பிழைப்பின் வாசலில் பூட்டாக மாட்டுவானேன்?

கேட்பதெல்லாம் வீண் கேள்வி என்று நாம் சொல்லவில்லை. தேடும் பெட்டியில் ஒருவர் ஊர்ப் பெயரைத் தட்டும்போது, எழுத்துக்கு எழுத்து சர்வரை ஓட விடாமல், விரல் ஓய்ந்த பிறகு ஒரே ஒரு தடவை கேட்கும்படி எழுது என்கிறார்கள். 'டிபவுன்ஸ்' என்று அதற்குப் பெயர். நல்ல கேள்வி, வேலையில் சேர்ந்த மறுநாளே உதவும். ஆனால் அதையும் என்ன கதிக்கு ஆளாக்கி விட்டார்கள்! பத்து வரி விடையை உருப்போட்டு, பள்ளிக்கூடத்துத் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி மாதிரி மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறவர் தேறுகிறார். யோசித்து யோசித்து எழுதுகிறவர் கடிகாரத்திடம் தோற்கிறார்.

இதே வட்டாரத்தில் வேறொரு பரீட்சையும் இருந்தது. தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். 1937ல் தோன்றிய ஸ்டெனோகிராபர்ஸ் கில்டு தி. நகரில்தான் வேரூன்றிற்று. லோயர் பாஸ் என்றால் நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர் பாஸ் என்றால் 45 வார்த்தை. அதுவும் கடுமையான பழக்கம்தான். விரல் வீங்கத் தட்டினார்கள். ஆனால் பரீட்சையில் தட்டியதைத்தான் ஆபீஸிலும் தட்டினார்கள். ஒரு தடவை சர்க்கார் சர்டிபிகேட் வாங்கினால் ஆயுள் முழுதும் அது செல்லும்; ஒவ்வோர் ஆபீஸ் வாசலிலும் மறுபடி முதலிலிருந்து பரீட்சை எழுதும் அவதி பெரும்பாலும் இல்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் கூறவில்லை. குமாஸ்தா பட்ட பாடு நமக்குத் தெரியும். வேலைக்கும் பரீட்சைக்கும் உறவு இருந்தது என்பதை மட்டும் சொல்கிறோம்.

கம்ப்யூட்டர் கம்பெனிகளேகூட ஆரம்பத்தில் இப்படிச் செய்யவில்லை. மெக்கானிக்கல் படித்தவரையும், சிவில் படித்தவரையும் பொதுவான கணக்கு, தர்க்கக் கேள்விகளைக் கேட்டுச் சேர்த்துக் கொண்டார்கள். சேர்ந்த பிறகு சில மாதம் தாங்களே சம்பளம் கொடுத்து நிரல் எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். இன்று அந்தச் செலவும் அவர்களுக்குக் கசக்கிறது. "வந்த அன்றே வேலை செய்யத் தயாராக வா" என்கிறார்கள். தயாராவது யார் செலவில்? தகப்பனார் செலவில்! தி. நகர் உஸ்மான் சாலையிலும் பனகல் பூங்காவைச் சுற்றியும், வேளச்சேரிப் பக்கத்திலும் மாடிக்கு மாடி "100 சதவிகித வேலை" என்று போர்டு தொங்கும் பயிற்சிக் கூடங்களுக்குப் பல்லாயிரம் ரூபாய் கட்டுகிறார்கள். அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. மீதிச் செலவை சர்க்கார் ஏற்கிறது: 2022ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரப்படுகிறது. ஏழைப் பிள்ளைக்கு அது உதவுமானால் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கம்பெனியின் பயிற்சிக் கணக்கில் இருந்த செலவு மக்கள் வரிப்பணத்துக்கு இடம் மாறிற்று என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் திருவான்மியூர் கால் மணி நேரம். இறங்கினால் எதிரே 2000ல் திறக்கப்பட்ட டைடல் பார்க். அதற்கு அப்பால் ராஜீவ் காந்தி சாலை நெடுகக் கண்ணாடி மாளிகைகள். இந்தக் கால் மணி தூரத்தைக் கடக்க ஒரு வாலிபருக்கு ஒரு வருஷம் ஆகிறது; சிலருக்கு இரண்டு வருஷம். வழியில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டு வந்து படிக்கும் பகுதியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நிறைந்திருப்பதைப் பாருங்கள். அவர்கள் நடுவே மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, எழுத்துச் சரத்தைத் திருப்புவது எப்படி, அடுக்குக்குள் இருக்கும் அடுக்கைப் பிரித்துப் பரப்புவது எப்படி என்று பழகுகிறவர்களும் உண்டு. இது உழைப்பு இல்லையா? உழைப்புத்தான். கூலியில்லாத உழைப்பு.

இவ்வளவும் எதற்காக? இங்கேதான் முடிச்சு இருக்கிறது. கம்பெனியிடம் இருப்பது நூறு இடம் என்றால் மனுப் போடுகிறவர் பல்லாயிரம் பேர். அத்தனை பேரையும் உட்கார வைத்துப் பேச ஆள் வைத்தால் செலவு. ஆகவே இயந்திரச் சல்லடை வந்தது. திருச்சி என்.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கிய 'இண்டர்வியூ ஸ்ட்ரீட்' 2012ல் ஹேக்கர்ரேங்க் ஆயிற்று. அது போல இன்று எத்தனையோ. கேள்வியை இயந்திரம் கொடுக்கும். விடையை இயந்திரம் திருத்தும். கட்டத்துக்குள் வராதவர்களை இயந்திரமே தள்ளும். சல்லடைக்குத் தானியத்தின் சத்து தெரியாது; கண்ணின் அளவுதான் தெரியும். ஆள் மிகுந்தால் கண்ணைச் சுருக்குகிறார்கள், கேள்வி கடினமாகிறது. ஆள் தட்டுப்பட்டால் கண்ணை அகட்டுகிறார்கள். கொரோனாவுக்குப் பிந்திய 2021லும் 2022லும் ஆளுக்குப் பறந்தபோது இதே கம்பெனிகள் புதியவர்களை வாரி வாரிச் சேர்க்கவில்லையா? அடுத்த வருஷமே வாலிபர்களின் மூளை மழுங்கி விட்டதா என்ன? மழுங்கவில்லை; அமெரிக்காவிலிருந்து ஆர்டர் குறைந்தது. அவ்வளவுதான்!

1867ல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் வேலையில்லாதோரின் சேமப் பட்டாளத்தைப் பற்றி விளக்கினார். அந்தப் பட்டாளம் வாசலில் நிற்கும் வரை உள்ளே இருப்பவரின் கூலி ஏறாது என்றார். இன்று அந்தப் பட்டாளம் வாசலில் சும்மா நிற்பதில்லை; தன் செலவில் தானே டிரில் செய்து கொள்கிறது! கூலியைப் பாருங்கள். டி.சி.எஸ். புதிதாகச் சேரும் என்ஜினீயருக்கு ஆரம்பப் படியில் பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்தது வருஷத்துக்கு 3 லட்சத்து 36 ஆயிரம். மாதம் 28,000, பிடித்தம் போகாமல். 1994ல் இதே சென்னையில் பிறந்து உலகமெல்லாம் பரவிய காக்னிசண்ட், 2024 ஆகஸ்டில் வருஷத்துக்கு 2 லட்சத்து 52 ஆயிரம் என்று ஆள் எடுக்க முன்வந்தபோது ஊரே சிரித்தது. அது மூன்று வருஷப் பட்டதாரிகளுக்கு, என்ஜினீயர்களுக்கு 4 லட்சத்திலிருந்து என்று கம்பெனி விளக்கம் தந்தது. இருக்கட்டும். மூன்று வருஷம் படித்தவருக்கு மாதம் 21,000. அதில் அடையாறில் ஓர் அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று அந்த விளக்கம் சொல்லவில்லை.

தேறி உள்ளே போனவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா? 2022ல் இன்போசிஸ் வேலை உத்தரவு பெற்ற சுமார் 2,000 பேர் சேரும் தேதி தெரியாமல் காத்துக் கிடந்தார்கள். 2024 பிற்பகுதியில்தான் கதவு திறந்தது. 2025 பிப்ரவரியில் மைசூர் பயிற்சி முகாமிலிருந்து 300க்கு மேற்பட்டோர், உள் பரீட்சையில் தேறவில்லை என்று வெளியேற்றப்பட்டனர். மூன்று தடவை சந்தர்ப்பம் கொடுத்தோம் என்றது கம்பெனி. கல்லூரியில் ஒரு பரீட்சை, சேர ஒரு பரீட்சை, சேர்ந்த பிறகு மூன்று பரீட்சை. வேலை எப்போது? அதே வருஷம் ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரை, பெரும்பாலும் நடுத்தர, மேல் நிலைகளில் இருந்தவர்களை, நீக்கப் போவதாக அறிவித்தது. அப்போதும் வாயில் வந்த காரணம் திறமைப் பொருத்தமின்மைதான்! பதினைந்து, இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள், மகள் பத்தாம் வகுப்புக்குப் படிக்கும் மேஜையிலேயே உட்கார்ந்து மறுபடி "மூன்று, மூன்று, மூன்று" என்று பழக வேண்டியதாயிற்று.

"பரீட்சை எல்லோருக்கும் சமம்தானே? புத்தி உள்ளவன் தேறுகிறான்" என்று வாதிடுகிறவர்கள் மயிலாப்பூரில் ஏராளம். சமமா? வீட்டிலிருந்தே எழுதும் பரீட்சையில் கேமரா கண் கொட்டாமல் பார்க்கிறது. பார்வை திரையை விட்டு விலகினால் சந்தேகம். பின்னால் ஒருவர் நடந்தால் சந்தேகம். போட் கிளப் பங்களாவில் தனி அறை, கதவைச் சாத்தினால் சத்தமில்லை. பல்லக்கு மாநகரில் ஒற்றை அறை வீட்டில் அம்மா எங்கே போவாள்? குக்கர் விசிலை யார் நிறுத்துவது? அடுத்த கட்டத்தில் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து, "நீ யோசிப்பதை வாய்விட்டு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே எழுது" என்கிறார். தமிழில் படித்து வந்த பெண் கணக்கை மனசுக்குள் போட்டுச் சரியாக முடித்து விடுகிறாள், வாய் திறக்கவில்லை. "பேச்சுத் திறன் குறைவு" என்று குறிப்பு விழுகிறது.

இது நமது கற்பனைக் குறையல்ல. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2020ல் 48 மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினரை ஆள் முன்னால் பலகையில் எழுதி விளக்கச் சொன்னார்கள். மற்றவர்களை அதே கணக்கைத் தனி அறையில் போடச் சொன்னார்கள். கவனிக்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கு மேல் சரிந்தது. ஆள் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவர் கூடத் தேறவில்லை. தனியே எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள். சிறிய சோதனைதான். ஆனாலும் இந்த முறை அளப்பது நிரல் எழுதும் திறமையையா, பயத்தை மறைக்கும் திறமையையா என்று சந்தேகம் கொள்ள அது போதாதா?

கேலிக்கூத்தின் உச்சம் இப்போதுதான் வந்திருக்கிறது. சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, தமது கூகிள் கம்பெனியில் புதிய நிரலில் கால் பங்குக்கு மேல் செயற்கை அறிவு இயந்திரமே எழுதுகிறது, என்ஜினீயர்கள் சரி பார்க்கிறார்கள் என்று 2024 அக்டோபரில் அறிவித்தார். வேலையில் சேர்ந்தவர் இயந்திரத்தைக் கேட்டு எழுதலாம். கேட்காவிட்டால்தான் குற்றம் என்கிற நிலை வந்து கொண்டிருக்கிறது. நேர்முகத்தில் மட்டும் இயந்திரத்தைத் தொட்டால் மோசடி! பிள்ளைகள் ஏமாற்றுகிறார்கள் என்று பயந்து, மறுபடி ஆளை நேரில் வரவழைத்துக் கேட்கும் சுற்றைக் கொண்டு வருகிறார்கள். தாங்கள் எதை விட்டு விட்டார்களோ அதை வாசலில் நிற்பவர் மட்டும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இந்த வேடிக்கைக்குத் தகுதி என்று பெயர்.

"அப்படியானால் பரீட்சையே வேண்டாம் என்கிறீர்களா? யாரை எடுப்பது?" என்று கேட்பார்கள். பரீட்சை இருக்கட்டும். வேலையில் வரப் போவதைக் கேளுங்கள். பழுதான ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, புத்தகமும் இணையமும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, சரி செய்யச் சொல்லுங்கள். தமிழில் விளக்கினால் காதை மூடாதீர்கள். எத்தனை இடம், எத்தனை சுற்று, எதில் கேள்வி என்பதை முன்கூட்டி அறிவியுங்கள். தள்ளுகிறீர்களா, காரணத்தை எழுதிக் கொடுங்கள். மௌனமே பதில் என்பது நாகரிகமல்ல. வேலை உத்தரவில் சேரும் தேதி இருக்கட்டும். தேதி தவறினால் அன்று முதல் சம்பளம் ஓடட்டும். பயிற்சி கம்பெனியின் பொறுப்பு, கம்பெனியின் செலவு.

கேட்டால் கொடுத்து விடுவார்களா? கொடுக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சங்கம் வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று வெகுகாலம் ஒரு கட்டுக்கதை உலாவிற்று. இடமுண்டு, தொழிற்சட்டங்கள் அங்கும் பொருந்தும் என்று 2016ல் தமிழ்நாடு சர்க்காரே தெளிவுபடுத்த வேண்டி வந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு இன்று சங்கங்கள் இருக்கின்றன. வாசலில் பழகிக் கொண்டிருப்பவர்களோ தனித்தனியே, ஆளுக்கொரு திரையின் முன்னால், பக்கத்தில் இருப்பவரைப் போட்டியாளர் என்று எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். சங்கங்கள் அவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். எடுத்தால்தான் உள்ளே இருப்பவரின் சம்பளமும் ஏறும்.

இந்தக் கோரிக்கைகளைக் கேட்டு யாரேனும் நகைத்தால், இதே நகரத்தின் துறைமுகத்தைக் காட்டுகிறோம். அங்கேயும் ஒரு காலத்தில் விடியற்காலையில் கூட்டம் கூடி நிற்கும். மேஸ்திரி கை நீட்டியவருக்கு வேலை, மற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். நாடெங்கும் டாக் தொழிலாளர்கள் போராடிப் போராடி 1948ல் வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த திட்டங்களில், பதிவு பெற்ற தொழிலாளி வந்து நின்றும் அன்று வேலை கொடுக்கப்படவில்லையானால், வந்ததற்காக ஹாஜர் படி உண்டு என்றாயிற்று. மூட்டை சுமந்தவர் வாங்கிக் காட்டிய அந்தப் படியைத்தான், காலை பத்து மணிக்குக் கூப்பிட்டு நாலு சுற்று உட்கார வைத்து மாலையில் "சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பப்படும் பட்டதாரிக்கும் கேட்கிறோம்.